வீட்டு லினக்ஸ் கணினியில் கோப்புடைமைக் கோளாறுகளும் அவற்றின் நிவர்த்தியும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை ஆதாரமாகக் கொண்ட ஓர் ஆய்வு

கோப்புடைமை என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பு யாருடையது என்பதைச் சொல்லும் பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் கணினி இரண்டு எண்களை எழுதி வைக்கிறது. ஒன்று உடையவரின் எண். மற்றது குழுவின் எண். பெயர் எதுவும் அங்கே எழுதப்படுவதில்லை. திரையில் பெயர் தெரிவது உண்மைதான். ஆனால் அது, 'பாஸ்வேட்' என்ற கணக்குப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடி, அதன் எதிரே இருக்கும் பெயரைக் கணினி அவ்வப்போது எடுத்துக் காட்டுவது. 0 என்ற எண் ரூட் எனப்படும் நிர்வாகிக்கு உரியது. உபுண்டு, டெபியன் முதலிய வெளியீடுகளில் நிறுவும்போது திறக்கப்படும் முதற் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என எண்கள் ஏறிக்கொண்டு போகும். உவர்மலையில் ஒரு வீட்டின் கடைக்குட்டி உபுண்டுவை நிறுவிவிட்டு அப்பாவுக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தால், அவன் 1000, அப்பா 1001. வயது, உறவுமுறை, வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது, மின்கட்டணத்தை யார் கட்டுகிறார் என்பனவற்றை இந்த வரிசை பொருட்படுத்துவதில்லை.

இவ்வாறான வீடுகளில் எழும் உடைமைத் தகராறுகள் கிராம அலுவலரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை. மத்தியஸ்த சபையும் அவற்றை ஏற்காது. ஆகவே முறையான ஆய்வு அவசியமாகிறது. ஆய்வுப் பரப்பாக இங்கு கொள்ளப்படுவது திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள நிலம்: கோணேசர் மலை, உட்துறைமுகக் கரை, உவர்மலை, குடாவின் மறுபுறம் சீனக்குடா. கணினிக் கோளாறு அனைத்துக்கும் கடற்காற்றின் உப்பே காரணம் என்பது இப்பரப்பில் எவரும் எளிதில் நம்பக்கூடிய கருதுகோள். உப்பு மின்னிணைப்புகளைத் துருப்பிடிக்க வைக்கும். யூஎஸ்பி துளைகளைப் பச்சை பூக்கச் செய்யும். ஆனால் 1000 என்ற எண்ணை 0 ஆக்கும் வல்லமை அதற்கு இல்லை. அக்கருதுகோள் இத்துடன் கைவிடப்படுகிறது. இப்பரப்பைத் தெரிந்தெடுத்ததன் காரணம் வேறு. உடைமை மாற்றம் என்ற செயல் இங்கே நான்கு நூற்றாண்டுகளாகப் பெரிய அளவில் நடந்து, ஆண்டுக்கணக்குடன் பதிவாகியும் இருக்கிறது.

உடைமை வேறு, பெயர் வேறு, அனுமதி வேறு. மூன்றையும் போட்டுக் குழப்புவதே வீட்டுக் கணினியில் செய்யப்படும் பெரும்பாலான பிழைகளுக்கு மூலம். 1622 இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், இரண்டொரு ஆண்டுகளில் அதே மலையில் கோட்டை எழுப்பினர். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சுவ்ரென் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை அவர்களிடமிருந்து பறித்தது. சமாதானமானபின் அது ஒல்லாந்தரிடமே திரும்பிற்று. 1795 இல் ஆங்கிலேயர் மறுபடியும் வந்தனர். துறைமுகத்தின் கடற்படைத் தளம் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது 1957 ஒக்ரோபரில். லினக்ஸ் வழக்கில் இவை ஒவ்வொன்றும் 'சௌன்' என்ற கட்டளை: பொருள் இருந்த இடத்திலேயே இருக்க, உடையவர் மட்டும் மாறுகிறார். இடையில் 1803 இல் யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயர் கோட்டைக்குச் சூட்டப்பட்டது. அது சௌன் அன்று, வெறும் பெயர்மாற்றம். அதற்குரிய கட்டளை 'எம்வி'. கோப்பின் பெயரோடு தம் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டு, இனி அது தமதே என்று ஆறுதல் அடைவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

அனுமதி என்பது உடையவர், குழு, ஏனையோர் ஆகிய மூவகையினருக்கும் தனித்தனியே எழுதப்படும் மூன்று உரிமைகள்: படித்தல், எழுதுதல், நிறைவேற்றல். கோப்புறையைப் பொறுத்தவரை மூன்றாவது உரிமை உள்ளே கடந்து செல்வதைக் குறிக்கும். பிரெட்றிக் கோட்டைக்குள் இன்று இராணுவ முகாம் இருக்கிறது. கோணேசருக்கு அருச்சனைத் தட்டோடு போகும் அடியார் அதே கோட்டை வாசலால் நுழைந்து, பக்கத்துக் கட்டடங்களில் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்காமல், நேரே மலையேறிப் போகிறார். படிக்க அனுமதியின்றிக் கடக்க மட்டும் அனுமதியுள்ள கோப்புறையும் இப்படித்தான்: உள்ளே இருப்பதன் பெயர் தெரிந்தவர் நேரே போய் எடுக்கலாம், தெரியாதவருக்குப் பட்டியல் கிடையாது. கோட்டைக்குள் புள்ளிமான்களும் உலாவுகின்றன. அவற்றுக்கு உடையவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவை மட்டும் எல்லாருடைய பைகளையும் முகர்ந்து பார்க்கும். லினக்ஸில் 'நோபடி' என்றொரு கணக்கு உண்டு. அதன் எண் வழமையாக 65534. நிலை ஏறக்குறைய அதுவே என்றாலும், மானுக்குள்ள சலுகைகள் அதற்கு இல்லை.

இனி நோய்க்கூறு. சௌன் பழமையான கட்டளை. 1971 நவம்பர் 3 திகதியிட்ட முதலாவது யூனிக்ஸ் கைநூலிலேயே இருக்கிறது. சாதாரணப் பயனர் தன் கோப்பை இன்னொருவர் பெயருக்கு எழுதிக் கொடுக்க லினக்ஸ் விடாது; ரூட்டுக்கே அந்த அதிகாரம். விட்டால், வட்டில் தனக்கு ஒதுக்கிய இடம் நிறைந்ததும் தன் சினிமாக்களையெல்லாம் அண்ணன் கணக்கில் எழுதிவிட்டு ஒருவர் நிம்மதியாக இருந்துவிடலாம். ரூட்டின் அதிகாரத்தைச் சற்று நேரத்துக்கு இரவல் தருவது 'சூடோ'. 1980 அளவில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பவலோ வளாகத்தில் பொப் கொகஷல், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது. வீட்டுக் கணினியில் உடைமைக் கோளாறு பெரும்பாலும் இந்த இரவலிலிருந்தே பிறக்கிறது. ஒரு நிரல் யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறதோ, அது உண்டாக்கும் கோப்பும் அவருக்கே சொந்தம் என்பது விதி.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் ஒருத்தி, கடந்தகால வினாத்தாள்களைப் பொதிந்த ஒரு கோப்பை இறக்குகிறாள் என்று கொள்ளலாம். பொதியை அவிழ்க்கும் நிரல் கணினியில் இல்லை. சூடோ போட்டு அதை நிறுவுகிறாள். நிறுவுவதற்கு ரூட் தேவை என்பதால் அதில் பிழையில்லை. அடுத்த வரியில் பொதியை அவிழ்க்கும்போதும், கை பழகிவிட்டதால், சூடோ தானாக முன்னால் வந்து விழுகிறது. தாள்கள் அவிழ்கின்றன. வாசிக்கவும் முடிகிறது, ஏனெனில் ரூட் உண்டாக்கும் கோப்புகள் வழமையாக 644 என்ற அனுமதியோடு பிறக்கும்: உடையவர் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம். சில நாள் கழித்து விடையைக் குறித்துச் சேமிக்க முயலும்போதுதான் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி தோன்றுகிறது. பௌதிகவியல் தாள் அவளுடைய மேசையில், அவளுடைய கணினியில், ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கிறது. நோய் அன்றே தொற்றியது. குணங்குறி இன்றுதான் தெரிகிறது. இந்த இடைவெளியால்தான் வீட்டார் குற்றத்தை மின்வெட்டின் மீதோ தம்பியின் மீதோ சுமத்த நேர்கிறது.

இதனிலும் கடுமையான வடிவம் உள்நுழைவுச் சுழல். கடவுச்சொல் சரியாகவே இருக்கும். திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கும். தவறு என்றும் சொல்லாது, உள்ளேயும் விடாது. வட்டு நிறைந்துபோனாலும் இது நேரும். ஆனால் அடிக்கடி காணப்படும் காரணம், பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் 'எக்ஸ்-ஒதோரிட்டி' என்ற சிறு கோப்பு ரூட்டின் கைக்குப் போய்விடுவது. சாளரத்தோடு திறக்கும் நிரல்களைச் சூடோவுடன் தொடக்கியதன் விளைவு அது. 2019 ஒக்ரோபரில் வந்த உபுண்டு 19.10 க்கு முந்திய வெளியீடுகளில், சூடோவுடன் ஓடும் நிரல் பயனரின் ஹோம் கோப்புறையையே தன் இருப்பிடமாகக் கொண்டது. அதனால் அக்காலத்துக் கணினிகளில் இந்நோய் மலிவு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒருசேர அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே உள்நுழைந்து அந்த ஒரு கோப்பைச் சௌன் செய்தால் போதும். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், 'வின்டோஸ் போட்டுத் தரட்டோ?' என்பதே முதல் மருத்துவ ஆலோசனையாக இருக்கும்.

மக்களிடையே வழங்கும் கைவைத்தியங்களில் முதன்மையானது 777. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் என்பது அதன் பொருள். உடைமையை அது தொடுவதே இல்லை. ரூட்டின் கோப்பு ரூட்டின் கோப்பாகவே இருக்க, கதவு மட்டும் கழற்றப்படுகிறது. பக்கவிளைவுகளும் உண்டு. பிறர் படிக்கக்கூடிய அந்தரங்கச் சாவிக் கோப்பை, தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் தொட மறுக்கும். சூடோவின் விதிக்கோப்பில் எவரும் எழுதலாம் என்றாக்கிவிட்டால் சூடோவே வேலைநிறுத்தம் செய்யும்.

இரண்டாவது கைவைத்தியம், கோப்பு மரத்தின் உச்சியான சாய்கோட்டிலிருந்தே தொடங்கி, அடிவரை அனைத்தையும் தன் பெயருக்கு மாற்றுவது. கணினி என்னுடையது, ஆகவே அதிலுள்ள யாவும் என்னுடையவை என்பது இதன் தர்க்கம். நீதிமன்றத்தில் இது நிற்கலாம், லினக்ஸில் நிற்காது. சூடோ போன்ற சில நிரல்கள், ஓட்டுபவர் யாராயினும் உடையவரின் அதிகாரத்தில் ஓடும்படி குறிக்கப்பட்டவை. 'செட்யூஐடி' எனப்படும் இக்குறி டெனிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பு. 1979 இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. சௌன் செய்தவுடன் இக்குறி அழிந்துபோகும். அதன்பின் சூடோ, தான் 0 என்ற எண்ணுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கூறிக் கைவிரித்துவிடும். தவறைத் திருத்த ரூட் வேண்டும். ரூட்டாவதற்குச் சூடோ வேண்டும். சூடோ செத்துக் கிடக்கிறது. இந்நிலையில் மட்டும், கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு மீண்டும் நிறுவுவதே குறைந்த வேலை. ஏனைய நிலைகளில் மீள்நிறுவல், ஒரு தாளுக்காக நூலகத்தைக் கொளுத்தும் சிகிச்சை.

சரியான முறை, எது யாருடையது என்று பார்ப்பதில் தொடங்குகிறது. 'எல்எஸ் -எல்' பெயர்களைக் காட்டும். 'எல்எஸ் -என்' எண்களையே காட்டும். தகராறு உள்ள இடத்தில் இரண்டாவதே சாட்சி. ஹோம் கோப்புறை முழுவதையும் துருவ, 'ஃபைண்ட்' கட்டளையில் ஆச்சரியக்குறி இட்டு, '-யூசர்' என எழுதி, கணக்கின் பெயரைத் தர வேண்டும். அவருடையது அல்லாத யாவும் வரிசையாக வரும். பட்டியல் பெரும்பாலும் சிறியதாக, கேஷ், கொன்ஃபிக் என்ற மறைகோப்புறைகளுக்குள்ளேயே அடங்கிவிடும். (கட்டளைகள் இங்கே தமிழில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. அப்படியே தட்டினால் அவ்வாறொரு கட்டளை இல்லை என்று கணினி பதில் சொல்லும். அதைக் கோபிக்கக் கூடாது.)

ஒரேயொரு கோப்பு என்றால் ரூட்டைக் கூப்பிடவே தேவையில்லை. ஒரு கோப்பை அழிப்பதற்கு அது அழிப்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது கிடக்கும் கோப்புறையில் எழுத அனுமதி இருந்தால் போதும். அனுபவசாலிகளும் மறந்துபோகும் விதி இது. மேற்படி மகள் வினாத்தாளைப் படியெடுத்தால், படி அவளுக்குச் சொந்தம். மூலத்தை அழித்துவிட்டுப் படிக்கு அதன் பெயரை வைத்தால் தகராறு தீர்ந்தது. பொதி அவிழும்போது புதிதாக ஒரு கோப்புறையே உண்டாகியிருந்தால் இது பலிக்காது, ஏனெனில் அந்தக் கோப்புறையும் ரூட்டுடையது. அப்போது சௌன். சூடோ, சௌன், '-ஆர்', கணக்கின் பெயர், முக்காற்புள்ளி, குழுவின் பெயர், கடைசியாகக் கோப்புறையின் பெயர். '-ஆர்' என்பது உள்ளே இருப்பவை அனைத்துக்கும் இறங்கிச் செல் என்ற ஆணை. கட்டளை தொடும் பரப்பை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவுக்கு நல்லது. '--ஃப்ரொம்' என்ற தெரிவால் இன்னும் குறுக்கலாம்: இப்போது ரூட்டிடம் இருப்பதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று சொல்லலாம். இத்தெரிவை அறிந்தவர் குறைவு. அறிந்தவர் வேறெதையும் நாடார்.

மறைகோப்புகளை ஒரே வீச்சில் மீட்க, புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்து எழுதுவது ஒரு பழைய பொறி. இரண்டு புள்ளிகள் என்பது மேல்கோப்புறையைக் குறிப்பதால், நட்சத்திரம் அதையும் பிடித்துக்கொள்ளும். கட்டளை மேலே ஏறி, அங்கே இருக்கும் அப்பா, அம்மா, அக்கா எல்லாருடைய கோப்புகளையும் தட்டியவர் பெயருக்கு மாற்றிவிடும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற நிரலில், 2022 இல் வந்த 5.2 முதல் இந்த வழி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. பழைய கணினி வைத்திருப்போர் இன்னும் பிரெஞ்சுக் கடற்படையின் நிலையிலேயே இருக்கிறார்கள்: நினைத்ததைவிட அதிகம் பிடிபடும், பிறகு திருப்பிக் கொடுக்க நேரும்.

வெளிவட்டுகளுக்கு விதி வேறு. பென்டிரைவில் வழமையாக உள்ள ஃபாட், எக்ஸ்-ஃபாட் அமைப்புகளில் லினக்ஸ் உடைமையை எழுதி வைக்க இடமே இல்லை. அவற்றின் மீது சௌன் ஓட்டினால், ரூட்டாகவே இருந்தாலும், அனுமதியில்லை என்ற பதில்தான். வட்டை இணைக்கும்போதே முழுவதும் இன்ன எண்ணுக்குரியது என்று சொல்ல வேண்டும். லினக்ஸின் சொந்த அமைப்பான இஎக்ஸ்டி4 இல் நிலைமை நேர்மாறு: எண் வட்டிலேயே பதிந்து, வட்டு போகுமிடமெல்லாம் கூடவே போகும். இலங்கையில் பெடோராவை அடித்தளமாகக் கொண்டு ஹந்தான லினக்ஸ் என்றொரு வெளியீடு உருவாக்கப்பட்டது. 2011 நவம்பரில் வந்த பெடோரா 16 க்கு முன், பெடோரா வழிவந்தவற்றில் முதற் கணக்கின் எண் 1000 அன்று, 500. அக்காலத்து வட்டொன்றை அலுமாரியிலிருந்து எடுத்து இன்றைய உபுண்டுவில் செருகினால், கலியாணப் படங்கள் அனைத்தும் 500 என்ற, அந்தக் கணினி அறியாத ஒருவருக்குச் சொந்தமாக நிற்கும். உடையவர் அருகிலேயே கதிரையில் இருப்பார். '--ஃப்ரொம்' கொண்டு 500 ஐ 1000 ஆக்குவதே மருந்து. அதே வட்டில் 'லொஸ்ட்+ஃபவுண்ட்' என்ற கோப்புறையும் பூட்டோடு தெரியும். அது ரூட்டுக்குச் சொந்தமாக இருப்பதே சரி. அதைத் தொட வேண்டாம்.

குடும்பப் படங்களை எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் வேண்டும் என்றால் கேள்வி கூட்டுடைமைக்கு நகர்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச் சென்ற 99 எண்ணெய்க் குதங்களை 2022 ஜனவரி ஒப்பந்தம் பங்கிட்ட விதம் இங்கு நோக்கத்தக்கது: 14 லங்கா ஐஓசியிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இருவரும் சேர்ந்த கம்பனியிடம், அதிலும் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் ஐஓசிக்கு. லினக்ஸில் வீதாசாரம் எழுத வழியில்லை. ஒரு கோப்புக்கு ஒரே உடையவர், ஒரே குழு. ஆகவே குடும்பம் என்றொரு குழுவை உண்டாக்கி, பொதுக் கோப்புறையை அதன் பெயருக்கு மாற்றி, 2775 என்ற அனுமதி தர வேண்டும். முன்னாலுள்ள 2, அதற்குள் பிறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அக்குழுவிலேயே சேர்க்கும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் கோப்புறைகள் ஏனையோருக்கு மூடியே பிறப்பதால், பொதுக் கோப்புறையை எவருடைய ஹோமுக்குள்ளும் வைக்காமல் வெளியே வைப்பது முறை. ஆளைக் குழுவில் சேர்க்கும் 'யூசர்மொட்' கட்டளையில் '-ஜி'க்கு முன் 'ஏ' விடுபட்டால், புதிய குழுவில் சேர்த்து, ஏற்கெனவே இருந்த துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கிவிடும், சூடோக் குழுவிலிருந்தும்தான். குடும்பத்தில் சேர்ந்ததால் அதிகாரம் இழந்தவர் என்ற வகையினர் இவ்வாறு தோன்றுகின்றனர்.

எஞ்சுவது, கணக்கை அழித்தபின் நேர்வது. அண்ணன் கனடா போய்விட்டார். அவருடைய 1002 கணக்கு அழிக்கப்படுகிறது, கோப்புகள் விடப்படுகின்றன. இனி அவற்றின் எதிரே பெயர் இராது. 1002 என்ற எண் மட்டும் நிற்கும். பிறகு தங்கைக்குப் புதுக் கணக்குத் திறந்தால், காலியான 1002 அவளுக்கே கிடைக்கக்கூடும். கிடைத்தால் அண்ணனின் படங்களும் கடிதங்களும் கடவுச்சீட்டின் பிரதியும் அந்தக் கணமே அவளுடையவை. நொத்தாரிசும் இல்லை, முத்திரைத் தீர்வையும் இல்லை. ஆகவே கணக்கை அழிக்கும் முன்பே அதன் கோப்புகளை உரியவர் பெயருக்குச் சௌன் செய்துகொள்ளுங்கள். அழித்தாயிற்று என்றால், 'ஃபைண்ட்' கட்டளையில் '-நோயூசர்' என்ற நிபந்தனை உடையவரற்ற கோப்புகளை எல்லாம் காட்டித் தரும். புதுக் கணக்குத் திறக்கும் முன் அதை ஓட்ட வேண்டும்; எண் கைமாறிய பின் ஓட்டினால் எதுவும் அகப்படாது.